வசதிப்படும்போது வரவும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் இந்த ஒன்றை மட்டுமாவது படித்துவிடு: வருகிற வியாழக்கிழமை காலை அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். புதன்கிழமைக்குள் நீ இங்கே வந்தாக வேண்டும்.

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். "சின்னவன் வரட்டும், அவன் மொகத்தப் பாத்துட்டுப் போடுறேன்" என்கிறாள். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் தன்னால் எந்த உறுதியும் தர முடியாது என்று டாக்டரம்மா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கோரிக்கைக் கடிதங்கள் எழுதுகிறேன். சரக்கு வராவிட்டாலும் சரி, பாய்லர் பழுதானாலும் சரி, என் கடிதம் யார் மனதையும் நோகடிக்காது என்று மேனேஜருக்குப் பெருமை. அதே பழக்கத்தில்தான் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது உனக்கும் எழுதினேன்: "அப்பாவுக்குச் சற்று உடல்நலக் குறைவு. வசதிப்படும்போது வரவும்." நீ பயந்துவிடக் கூடாதே என்று மூன்று முறை திருத்தினேன். நீயும் கையிலிருந்த வேலையை முடித்து, அவருக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக்கொண்டு, நிதானமாக வந்தாய். எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"செத்துக்கிட்டு இருக்காருன்னு எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று கூடத்தில் நின்று கத்தினாய். குரலை உயர்த்தாதே என்றேன். அப்போதும் மரியாதைதான் பார்த்தேன், பாவி. தப்பு என்னுடையதுதான். நான்கு வருஷமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தையும் முதலில் ஆபீஸ் தோரணையில்தான் ஆரம்பித்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிகிட்ட டெண்டரா கேக்குறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது.

அம்மா நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கு இடப்பக்கம் மூன்றாவது அறையில் இருக்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். நான்தான் என்று தெரிந்ததும் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

என்னோடு நீ பேச வேண்டாம். நீ இருக்கும்வரை நான் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் வந்துவிடு. நீ கிளம்பிவிட்டதாக அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன்டா. உடனே எழுந்து உட்கார்ந்து, உன் அண்ணியிடம் தலை சீவிவிடச் சொன்னாள்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்