ராகுகாலத்துக்கு முன் அழிந்த படம்

மச்சான்,

இன்று காலை கணினியைப் போட்டேன். நீ கொண்டுவந்த லினக்ஸ் நான் கதிரையில் சரியாக இருப்பதற்கு முன்னரே திறந்து நின்றது. வேறு நாளென்றால் கண்டாவளை ஊர் முழுவதற்கும் கேட்கப் பெருமையடித்திருப்பேன். இன்று அது கொஞ்சம் சுணங்கியிருக்கலாம். உன் மனைவி கேட்ட படம் அதற்குள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“அண்ணை, இவரின்ர முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கினம். எங்கட கலியாணப் படம் உங்கட கொம்பியூட்டரில பத்திரமாக் கிடக்கெண்டு இவர் சொன்னவர். எடுத்துத் தாறியளே?” என்று நேற்றுக் கேட்டார். “தேடிப் பாக்கிறன் தங்கச்சி” என்று மழுப்பிவிட்டேன்.

உங்கள் ஆல்பங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போனவை. அந்தப் படம் ஒன்றுதான் சுவிஸிலிருந்த உன் சித்தப்பாவிடம் தப்பியிருந்தது. உன் கணினி வெள்ளத்தில் பழுதாகிக் கிடந்ததால், ஊருக்கு வந்தவர் தன் போனிலிருந்து என் கணினியில் ஏற்றிவிட்டுப் போனார். பிறகு அவரும் இல்லை, அந்தப் போனும் இல்லை.

என் பழைய விண்டோஸை நினைவிருக்கிறதா? அது திறப்பதற்குள் ஒரு போகம் விதைத்து, அறுத்து, மூட்டையும் கட்டிவிடலாம். உள்ளே இருந்த வைரஸுகளுக்கு வாக்குரிமை கொடுத்திருந்தால் கிளிநொச்சியில் தனியாக ஒரு எம்.பி. எடுத்திருக்கும். “லினக்ஸுக்கு மாத்து மச்சான், காசும் இல்லை, வைரஸும் இல்லை” என்று நீ சொல்லிச் சொல்லிக் களைத்த பிறகு, பேரரசன் போல இணங்கினேன். வியாழக்கிழமை நாள் பார்த்து, கணினிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன்.

லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகிவிட்டு, படங்களை எடுத்து வைக்க இன்னொன்று வேண்டுமென்று சைக்கிளில் வீட்டுக்குப் போனாய். “நான் வருமட்டும் ஒண்டையும் தொடாத” என்றாய். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரைக்கு ராகுகாலம். இந்த மாபெரும் கருமத்தை ராகுகாலத்தில் தொடங்கினால் வன்னி என்னாவது? திரையில் இரண்டு வழி கேட்டது: விண்டோஸோடு சேர்த்து ஏற்றவா, எல்லாவற்றையும் அழித்து ஏற்றவா. அழித்தால் வைரஸ் போகும் என்று நினைத்தேன். முருகா என்று இரண்டாவதை அமத்தினேன்.

நீ வந்து திரையைப் பார்த்தாய். “ராகுகாலத்துக்கு முந்தியே முடிச்சிட்டாய்” என்றாய். பிறகு தேத்தண்ணி கேட்டாய்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பின்னேரங்களில் வந்து எனக்கு எல்லாம் காட்டித் தந்தாய். வன்னியின் லினக்ஸ் சக்கரவர்த்தி நானே என்று சந்தியில் நின்று முழங்கினேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய்.

இன்று பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன்.

“தங்கச்சி, அந்தப் படம் இல்லை. லினக்ஸ் போட்ட அண்டைக்கு என்ர கையாலதான் அழிஞ்சது.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். “அப்ப இவருக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“நான் எத்தினை தரம் கேட்டனான் அண்ணை. ‘அங்கதான் கிடக்குது, எங்க போகப் போகுது’ எண்டுதானே சொன்னவர்.”

என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. மாலை போட்டிருந்த உன் அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து, “என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்” என்றார்.

மலரில் அந்த அடையாள அட்டைப் படம்தான் வரப்போகிறது. என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய்யை உன் தலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன் மச்சான். அவர் இப்போது கோபித்துக்கொண்டிருப்பது என்னோடு இல்லை, உன்னோடு. அதற்குப் பதில் சொல்ல நீ இல்லை.