பெல்மீராவில் ஒரு முழுப் பன்றி

மார்ச் 9

கார்சனில் என் பன்றிக் கடையைத் திறக்கும்போதே மச்சான் கிரிசாந்தோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். என் மனைவி மிலாவின் அண்ணன். மூன்று கடை வைத்திருக்கிறான். வேலையாட்கள் எல்லோருக்கும் தன் முகம் அச்சடித்த மஞ்சள் தொப்பி.

"மாப்ள, இந்தத் தெருவுல பிலிப்பினோக்களை விட பிலிப்பினோ கடைதான் ஜாஸ்தி. பேசாம என் கடைக்கு வந்து பன்னி வெட்டு. தொப்பி தர்றேன்."

அவன் முகம் என் தலைமேலா? இது என்ன சாதாரணத் தலையா? பள்ளியைப் பாதியில் விட்டது உண்மை. அதற்கு மேல் எனக்குக் கற்றுத்தர அவர்களிடம் சரக்கில்லை. பிலிப்பைன்ஸில், செபு தீவில் நான் முழுசாக அனலில் சுட்ட லெச்சோன் பன்றியின் தோல் நொறுங்கிய சத்தம் கேட்டு, புறப்பட்டுப் போன கப்பல் திரும்பி வந்தது. பிஷப் சாட்சி. பாவம், அவர் இப்போது இல்லை.

"வேற ஊர்ல கடை போடறேன்" என்று சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்பதை அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

மார்ச் 16

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் எந்த ஆசியாக்காரன் எந்த ஊரில் இருக்கிறான் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். மான்டரே பார்க்கில் சீனர். டோரன்ஸில் ஜப்பானியர். லாங் பீச்சில் கம்போடியர். ஆர்டீசியாவில் இந்தியர், நகைக்கடையையும் சேலைக்கடையையும் விட்டு ஒரு தெரு நகரமாட்டார்கள். கார்சனில் நாங்கள். அரசாங்கம் எல்லோரையும் 'ஆசியர்' என்று ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறது. அதிகாரிகளுக்கு மூக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

மார்ச் 23

கண்டுபிடித்துவிட்டேன்! பெல்மீரா. சின்ன ஊர். வீட்டுக்கு வீடு வேலிக்கு மேல் முருங்கை மரம். வாசலில் செருப்புக் குவியல். முருங்கைக் கீரை இல்லாமல் எந்தப் பிலிப்பினோ கோழி சூப் வைப்பான்? நகராட்சி அலுவலகத்துப் பெண்ணையும் கேட்டேன். "பாதிக்கு மேல ஆசியர்தாங்க" என்றாள். பாதிக்கு மேல் ஆசியர், முருங்கை மரம், அங்கே ஒரு லெச்சோன் கடைகூட இல்லை. ஆண்டவர் எனக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்.

மிலா மட்டும் கேட்டாள்: "ஏய்யா, ஒரு வீட்டுக் கதவையாவது தட்டிப் பார்த்தியா?"

"வைத்தியன் நாடியப் புடிச்சுக்கிட்டு பேர் கேட்பானா?" என்றேன்.

மார்ச் 30

கிரிசாந்தோ சவால் விட்டான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்தக் கடை நின்னா என் மூணு கடையிலயும் உங்க கடைப் படத்தை மாட்டறேன். நிக்கலைன்னா மஞ்சத் தொப்பி. சம்மதமா?"

"ஆணி வாங்கி வை மச்சான்" என்றேன்.

ஜூன் 1

கார்சன் கடைச் சாவியைக் கொடுத்தாயிற்று. மிலா திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். நான்தான் இரண்டு தடவை பார்த்தேன்.

ஜூன் 14

திறப்பு விழா. கண்ணாடி ஜன்னலில் முழுப் பன்றி, வாயில் ஆப்பிள், தோல் தேன் நிறம். நானூறு பேர் வந்தார்கள். மிலா பதினொன்று என்கிறாள். எல்லோரும் ஜன்னல் வரைக்கும்தான் வந்தார்கள்.

கடைக்குப் பக்கவாட்டு வேலியை ஒட்டிய வீட்டு அம்மாள், ஹன்சாபென், ஒரு தட்டு இனிப்போடு வந்தாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"அண்ணே... அது நம்மளப் பார்க்குதே!"

"பார்க்கட்டும்மா. நீங்க ருசி மட்டும் பாருங்க."

"நாங்க முட்டைகூடத் தொடமாட்டோம்ண்ணே. இந்தத் தெரு பூரா குஜராத்திங்க."

"நீங்கல்லாம் ஆர்டீசியாலதானே இருக்கணும்?"

"இருக்கணும்னு யார் சொன்னா? அங்க வீடு கிடைக்கல, இங்க வந்தோம். எத்தனையோ வருஷமாச்சு."

"அப்ப முருங்க மரம்?"

"காய் போடாம பருப்பு வைக்க முடியுமா?"

தட்டை வெளிப் பெஞ்சில் வைத்துவிட்டு, பன்றியைப் பார்க்காமல், ஆனால் சிரித்தபடியே போனாள். மரியாதையான ஜனங்கள். அதுதான் வயிற்றெரிச்சல். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

ஜூன் 15

பன்றி சாப்பிட்டோம்.

ஜூன் 16

பன்றி.

ஜூலை 20

ஜன்னலுக்குத் திரை போட்டேன். இப்போது உள்ளே என்ன பாவம் நடக்கிறதோ என்று கூடுதலாகப் பயப்படுகிறார்கள். ஹன்சாபென்னின் வீட்டுக்காரர் ஜிதுபாயிடம், "வாசனை மட்டும் பாருங்க, தின்னவே வேணாம்" என்றேன். மனிதர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 18

கிரிசாந்தோ பார்சல் அனுப்பியிருக்கிறான். மஞ்சள் தொப்பி. பின்னால் பட்டை இருக்கிறதாம், எந்தத் தலைக்கும் இழுத்துக்கொள்ளலாமாம்.

நாள் பூரா யாரும் வரல. ஒரு ஆள்கூட வரல. மிலா திட்டவே மாட்டேங்குறா. திட்டித் தொலைச்சாத்தான் என்ன? கதவைத் தட்டியிருக்கலாமோ — ஒரே ஒரு கதவு? நாடிக்கிட்ட பேர் கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

(இந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துவிட வேண்டும்.)

செப்டம்பர் 2

செப்டம்பர் பிறந்துவிட்டது, எங்கள் வழக்கப்படி மிலா கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிட்டாள். பாட்டு முடிவதற்குள் பன்றி அடுப்பைக் கார்சன்காரன் ஒருவனுக்குத் தள்ளிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவர் முழுக்கத் தேய்த்துக் கழுவினாள். நானும் கழுவினேன், மேற்பார்வை என்ற முறையில்.

செப்டம்பர் 10

புதுச் சட்டி, புது எண்ணெய். ஹன்சாபென்னை அடுக்களைக்கே கூட்டி வந்து, அவள் கண்ணெதிரில் வாழைப்பழமும் பலாச்சுளையும் மாவுத்தாளில் சுருட்டிச் சர்க்கரை தூவிப் பொரித்தாள் மிலா. எங்கள் தூரோன். அந்த அம்மாள் போலீஸ் மாதிரி விசாரித்தாள்: "முட்டை இல்லியே? கரண்டி புதுசா? அண்ணன் கை கழுவிட்டாரா?"

"அவரைத்தான் உள்ளயே விடலியே!" என்றாள் மிலா.

இருவரும் அப்படியொரு சிரிப்பு. ஹன்சாபென் ஒன்று தின்றாள். பிறகு பை நிறைய வாங்கிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 12

நவராத்திரி. ஆட்டத்துக்குப் போகும் வழியில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இதையெல்லாம் மார்ச்சிலேயே கணித்துத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஜிதுபாயிடம் விளக்கினேன். "அப்ப அந்தப் பன்னி?" என்றார். "விளம்பரம்" என்றேன்.

நவம்பர் 3

அதிசயம். இவர்கள் காயைப் பறித்துக்கொண்டு கீரையைக் குப்பையில் போடுகிறார்கள்! எங்களுக்கோ கீரைதான் உயிர். இனி ஹன்சாபென்னுக்குக் காய், மிலாவுக்குக் கீரை. கீரை வைத்துப் பொரித்த சுருள் தூரோனையே தோற்கடித்துவிட்டது. மரம் உயரம், பறிக்க ஆள் வேண்டும். பன்றியைக் கோத்துச் சுடும் மூங்கில் ஒன்று புதிதாகவே கிடந்தது. நுனியில் கொக்கி கட்டித் தொரட்டியாக்கிவிட்டேன். பன்றி படாத மூங்கில் என்று சத்தியம் செய்த பிறகுதான் ஹன்சாபென் மரத்தைத் தொட விட்டாள்.

டிசம்பர் 24

கிரிசாந்தோ வந்தான். வரிசையைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். போன வாரம்தான் மாற்றியது: 'மிலா'. அவ்வளவுதான், வேறு எழுத்து இல்லை.

"லெச்சோன் ஒரு தட்டு, மாப்ள."

"மெதுவாப் பேசு மச்சான், வெளியே தள்ளிடுவாங்க."

சொன்ன சொல் தவறாத ஆள். படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டினான். நான் சட்டையைச் சரிசெய்து முன்னால் வந்தேன். "நீ இல்ல, தள்ளு" என்று மிலாவையும் ஹன்சாபென்னையும் வாசலில் நிறுத்தி எடுத்தான். பெரிதாக்கி மூன்று கடையிலும் மாட்டுவானாம்.

காட்டினான். நன்றாகத்தான் வந்திருக்கிறது. இருவருக்கும் பின்னால், வேலிக்கு மேலே, என் தொரட்டி நுனி தெளிவாகத் தெரிகிறது.