இமைக்குப் போன சேதி

கார்த்திகை, புதன் இரவு

இன்று என் மனைவி முத்துலட்சுமியின் கண்கள் முழுதாகத் திறந்ததைப் பார்த்தேன். ஆடியிலிருந்து அவளுக்கு மதியம் தாண்டினால் இமைகள் தாமாக இறங்கிவிடுகின்றன. ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் குழம்பு தாளிக்கிறாள்.

கோவில்பட்டியில் நரம்பு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"நரம்பும் தசையும் ஒட்டி இருக்காதும்மா. நடுவுல துளி இடைவெளி உண்டு. நரம்பு வழியா மின்சாரமா வார சேதி, அங்கன ஒரு ரசாயனமா மாறித்தான் தாண்டணும். உங்களுக்கு அதை வாங்குற வாசலை உடம்பே அடைக்குது. இந்த ஊசி போட்டா கொஞ்ச நேரத்துக்கு ரசாயனம் கரையாம நிக்கும்."

ஊசி போட்டுக் காத்திருந்தோம். இமைகள் மெல்ல மெல்ல மேலேறின. என்னையே பார்த்தாள். "உங்க மீசை இம்புட்டு நரைச்சிருச்சா?" என்றாள்.

விளாத்திகுளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழை குடித்த கரிசல் முழுக்க உளுந்து முளைத்துப் பச்சையாகக் கிடந்தது.

"ஏட்டி, ஏன் பேசாம வார?"

"பேச்சு எங்க போகுது? இது இறங்குறதுக்குள்ள பாத்துக்கிடுதேன்."

ஊர் வந்து சோறு வடிப்பதற்குள் இமை இறங்கிவிட்டது. நாளையிலிருந்து மாத்திரை. மூச்சுத் தசைக்கும் இது வரலாம் என்று டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னார். இவளிடம் சொல்லவில்லை.

பக்கத்தில் கண்மூடிக் கிடக்கிறாள். தூக்கமா, இமை இறங்கியதா, தெரியவில்லை. மூச்சு சீராகத்தான் வருகிறது.

"தூங்கிட்டியா?" என்றேன்.

"இல்ல. நீங்க எழுதுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நிறுத்தாதீங்க."