இடது காதில் ஒரு பஞ்சு

அன்புத் தங்கைக்கு,

உன்னோடு பேசுவதில்லை என்று நான் சபதம் எடுத்திருப்பதாகச் சொந்தக்காரர்கள் சொல்லித் திரிகிறார்களாம். தவறு. சபதம் எடுக்கிற பழக்கம் எனக்கில்லை; பிடிக்காததை அப்போதே சொல்லிவிடுவேன். நான் தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம் என் இடது காது. வலது காது சிறு வயதிலிருந்தே மந்தம் என்பது உனக்குத் தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன முறை விமான நிலையத்தில் பிரியும்போது நீ என் கன்னத்தில்தான் முத்தமிட வந்தாய். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நிமிர்த்திய என் முதுகு, அத்தனை பேர் நடுவில் வளையவில்லை. முகத்தைத் திருப்பினேன், முத்தம் காதில் விழுந்தது. உன் முத்தத்தின் வேகம் ஊரறிந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது.

மருத்துவரிடம் கொண்டை ஊசி பட்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. கதவைச் சாத்திவிட்டு, "ஏம்மா, ஊசி குத்தினா இப்படியா கிழியும்? வீட்ல யாராவது அறைஞ்சாங்களா?" என்று கேட்டாள். வெளியே என் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் தலையில் பழி விழுவதற்குள் முத்தத்தைச் சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பாதிதான் கேட்டது. மகனுக்கு முழுதும் கேட்டிருக்கிறது. அவன்தான் உன்னிடம் உளறியவன்.

இத்தகைய கிழிசல் பெரும்பாலும் தானாக மூடிவிடுமாம். எனக்கு ஓரம் தடித்து, வளர்வதையே மறந்துவிட்டது. அந்த ஓரத்தை லேசாகச் சுரண்டி, வளர்ச்சிக் காரணி என்ற மருந்தில் நனைத்த சிறு பஞ்சை வைத்திருக்கிறாள். காயம் பட்டால் நம் உடம்பே சுரக்கிற பொருள்தானாம். "தூங்குற செல்லையெல்லாம் எழுப்பி, வாங்க வாங்கன்னு கூப்பிடும்மா" என்றாள். மற்ற காயங்கள் அடியிலிருந்து நிரம்பும். செவிப்பறைக்கு அடியில் வெறும் காற்று. அதனால் மேல்தோல்தான் முதலில் கிளம்பி, ஒன்றுமில்லாத இடத்தைக் கடந்து எதிர்க்கரையைத் தொடுமாம்.

மதியத்தில் வலப்பக்கம் சாய்ந்து அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். தெருச் சத்தமெல்லாம் நீருக்கடியில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம் தூரத்துப் படகுபோல் போகிறது. கண்ணை மூடினால், இரு கரைகளிலிருந்தும் யார் யாரோ வெள்ளை உடையில், கால் வைக்க இடமில்லாத இடத்தில் கால் வைத்து, அவசரமில்லாமல் வருகிறார்கள். சில நாள் அந்தக் கூட்டத்தில் நீயும் வருகிறாய், வழக்கம்போல் பேசிக்கொண்டே.

மூடும் என்று அவள் உறுதி சொல்லவில்லை. மூடாவிட்டால் அறுவை சிகிச்சை. அது என் பாடு. என் கவலை வேறு. "இனிமே அக்கா பக்கத்துலயே போகமாட்டேன்" என்று நீ அழுததாகவும், அடுத்து இங்கே வரும் பயணத்தை ரத்து செய்யப்போவதாகவும் மகன் சொல்கிறான். உன் அத்தான் போன பிறகு என்னை முத்தமிட வந்த ஆள் நீ ஒருத்திதான்.

வருகிறாயா, இல்லையா? பஞ்சை எடுக்கும்வரை தொலைபேசி வேண்டாம். பதிலைக் கைப்பட எழுதித் தபாலில் போடு.

உன் அக்கா