வாசல் விளக்கு

வியாழன், இரவு

தனியாக வசிக்கும் முதியோருக்கு இன்று சர்ச் ஹாலில் வகுப்பு. "ராத்திரி விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?" என்று இரணியலிலிருந்து வந்த நர்ஸ் கேட்டாள். நான் எழுந்து பெருமையாகச் சொன்னேன். விடிந்ததும் வாசல் விளக்கை அணைப்பேன். அணைக்காவிட்டால் எதிர்வீட்டுத் தங்கம் வந்து பார்ப்பாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

பக்கத்தில் இருந்த தங்கம் தட்டவில்லை. என் காதருகே குனிந்தாள். "டீச்சரே, லைட்டு மூணு நாளா பகல்லயும் எரிஞ்சிட்டுல்லா கெடக்கு. நீங்க மறந்திருப்பீங்கண்ணு நெனச்சேன்."

வராமல் இருந்தாளே என்று கோபப்படத்தான் வாயெடுத்தேன். ஆனால் அணைக்க மறந்தது நான்தானே.

வீட்டுக்கு வந்தேன். உச்சி வெயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாளும் காலையில் அதன் அடியில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்திருக்கிறேன்.