பட்டியலில் எழுதாதது

மகளுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி, நீ நம்ப மாட்டாய் என்று அடித்துவிட்டேன்.

மாதந்தோறும் நான் கோவிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது உனக்குத் தெரியும். பள்ளியில் கன்னியாஸ்திரீகள் பழக்கியபடி, பாவங்களை எண்ணிக்கையோடு எழுதிக்கொண்டு போவேன். நேற்று குருவானவர் குறுக்கிட்டார்.

"ஏம்மா, போன மாசமும் இதே லிஸ்ட்தானே வாசிச்சீங்க? புதுசா ஒண்ணுமே செய்யலையா?"

"புதுசா இல்ல சாமி. பழசு ஒண்ணு இருக்கு."

ஒன்பது வருடமாக எழுதாமல் விட்டதைச் சொன்னேன். பாவமன்னிப்பு அளித்து, பரிகாரமாக ஒரே ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு அது குறைவாகப் பட்டது. சொல்லி முடித்தேன். அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. முழங்கால் மட்டும் மரத்திருந்தது.

அப்பாவின் கடைசி நாளன்று மருத்துவமனை வராந்தாவில், "அப்பா உன்னைப் பார்க்க மாட்டாராம்" என்று உன்னைத் திருப்பி அனுப்பினேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கதவையே பார்த்தபடி, "வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "வரல" என்றேன். என் பேச்சை மீறிக் கல்யாணம் செய்தவளுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

இன்று காலைப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்றேன். என் முறை வருமுன் விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன். முதலில் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

அம்மா