கடமை என்று நான் சொன்ன பொய்

என் முரட்டு அந்தோணிக்கு,

நம்ம கதை மாதிரியே ஒரு சினிமா வந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் புருஷன், அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண்டாட்டி, அவர்களுக்குள் இருக்கிற ஆசை. நேற்று மதியக் காட்சிக்கு உன் தங்கச்சி மேரியோடு தி.நகர் போனேன். சாந்தோமில் ஆட்டோ ஏறும்போதே அவள் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் கழித்து, உனக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ தம்பி அந்தப் படத்தில் நடிக்கிற இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்து வந்தான். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஆளை எப்படி மாற்றுவது என்று நான் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். மூன்று நாள் பாடம் எடுத்தேன், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுப்பதைவிடக் கண்டிப்பாக. பிரேக் போடு, பாதத்தைச் சமமாக வை, உன் முழங்காலால் அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடு, இடுப்பு பெல்ட்டைப் பிடி, தூக்கு.

அந்தப் பையன், சும்மா சொல்லக்கூடாது, அப்படி நடித்திருக்கிறான். கட்டிடச் சாரம் சரிந்து விழுந்த பெயின்டர் நீ, ஏழு வருஷம் எப்படி உட்கார்ந்திருந்தாயோ அப்படியே உட்கார்ந்திருக்கிறான். கட்டிலில் இறக்கியதும் உன் கால் தானாக உதறுமே, அதைக்கூட விடவில்லை. சண்டாளன், அந்தக் காலைப் பிடித்து நிறுத்த நான் கையை நீட்டிவிட்டேன்.

பெண்டாட்டியாக நடித்தவள்தான் சரியில்லை. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கண்ணில் தண்ணீர். முத்தம் கொடுக்கும்போதும் புண்ணுக்கு மருந்து போடுகிற முகம். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது.

"அண்ணி, இன்னாமா நடிச்சிக்கிறா! அப்படியே உன்ன மாதிரியே கீது" என்றாள் மேரி.

"நான் எப்போடி அழுதுகிட்டே உங்க அண்ணனைத் தூக்கினேன்?"

"சும்மா இரு அண்ணி. நீ பட்ட கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா? நீ தெய்வம்."

தெய்வமாம்! ஆனால் அவர்களைத் திட்டி என்ன? தப்பு என்னுடையது. மூன்றாம் நாள் அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, தூக்கும்போது உங்க மனசுல என்ன இருக்கும்?" பக்கத்தில் மேரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "கடமைதான்மா, வேற என்ன" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் அதையே நம்பி நடித்திருக்கிறாள்.

என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? தூக்கி நிறுத்தினால் உடனே கட்டிலில் இறக்க வேண்டும் என்பதுதான் பாடம். நம் வீட்டில் மட்டும் அப்படிக் கிடையாது. நாள் முழுக்கக் குனிந்தே பார்த்த உன்னை அப்போதுதான் நான் அண்ணாந்து பார்ப்பேன். என் நெற்றி உன் தாடையில் இடிக்கும். "டீச்சர், எறக்கிடாத. இப்டியே கொஞ்ச நேரம் நிக்கலாம்" என்பாய். கை கடுக்கும், இடுப்பு விட்டுப்போகும், ஆனாலும் இறக்க மாட்டேன். ஒருநாள் இரண்டு பேரும் அப்படியே கட்டிலில் விழுந்து, சிரித்து, அப்புறம் மதியச் சோறு ஆறிப்போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சிரிப்பை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவே இல்லையே.

இன்று காலையில் அவளுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன். "அக்கா, இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். படம் வந்துவிட்டது. இனி அந்த அழுகையைத்தான் ஊர் நம்முடையது என்று நினைக்கும்.

இரண்டு வருஷமாக என் கைக்கு வேலை இல்லை. "இப்பவாவது ஓய்வா இரு" என்கிறார்கள். ஓய்வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு உன் கனம் வேண்டும் அந்தோணி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேரி வீட்டுக்கு வருவாள். முதலில் அவளிடம் சொல்லப்போகிறேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாலும் நிறுத்த மாட்டேன். அப்புறம் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்வேன்: உன்மேல் ஆசைப்பட்டுத்தான் தூக்கினேன். சத்தியம்.

உன் பொண்டாட்டி,
ஸ்டெல்லா